வேரோடு வந்த பாசி

அத்தியாயம் பதினேழு

இடையில் ஓரிரு வாரம் பத்திரிகை கைக்கு வராமல் போனவர்களுக்காக இரண்டு வார்த்தை. தேனி பஜாரில் கயிறும் இரும்புச் சாமானும் விற்கிற ஞானசிகாமணிக்கு ஒரு தங்கை, ஒரு தம்பி. தங்கை சாராளுக்கு நாற்பத்தொரு வயது. மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தம்பி எபநேசர் அவளுக்கு ஆறு வயது இளையவன்.

எபநேசரின் மனைவி சுகிர்தம் கூடலூர்க்காரி. பத்து மாதத்துக்கு முன்னால், கூடலூரிலிருந்து குமுளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன ஜீப் மலைப்பாதையில் உருண்டதில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். "நீங்களும் வாங்க" என்று அவள் கூப்பிட்டிருந்தாள். கடையில் ஆள் இல்லை என்று எபநேசர் போகவில்லை. அன்றிலிருந்து அவன் அவனாக இல்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சுகிர்தம் விட்டுப்போனது மூன்று ஆமைகளை. பிறந்த வீட்டுக் குளத்தில் பிடித்து, சீர்வரிசையோடு சீர்வரிசையாகப் பித்தளை அண்டாவில் போட்டுக் கொண்டுவந்து, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற சிமெண்டுத் தொட்டியில் விட்டு வளர்த்தாள். கீரைக்கட்டு வாங்கிப் போட்டால் அந்த மகாராணிகள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். தண்ணீரில் உயிரோடு நிற்கிற பச்சைதான் வேண்டும். எந்தச் செடி ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் சுகிர்தத்துக்குத்தான் அத்துப்படி.

அவள் போனபின் எபநேசர் தினமும் விடியுமுன் எழுந்து கண்மாய்க்குப் போய்ப் பறித்து வந்தான். ஆமை தின்றால் அவனும் ஒரு வாய் தின்பான். தின்னவில்லை என்றால் தட்டைத் தள்ளிவிடுவான்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் வறண்டதும் வாய்க்காலில் பறித்தான். நெல்லுக்கு மருந்து அடித்த தண்ணீர் அதில் வடிந்திருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் காலையில் நடு ஆமை செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு ஐந்து மைல் நடந்து ஓடைக்குப் போக ஆரம்பித்தான். பறித்ததை இலை இலையாகக் கழுவி, மோந்து பார்த்து, பாதியைச் சந்தேகத்தில் வீசியெறிந்துவிடுவான். மிச்சத்தை ஆமைகள் தொட்டும் தொடாமலும் ஒதுங்கும். அவனும் ஒதுங்குவான். போன வியாழக்கிழமை நடுரோட்டில் மயங்கி விழுந்தவனைப் பால்வண்டிக்காரர் ஒருவர் தூக்கிவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

"நாளைக்குச் சாயங்காலம் பஸ். நான் முடிவு பண்ணிட்டேன்" என்றார் ஞானசிகாமணி. கோயிலுக்குப் புறப்பட்டுவிட்டார். சலவைச் சட்டை, கையில் வேதப்புத்தகம். அதற்குள் சபைப் போதகர் ஐயர் எழுதிக் கொடுத்த கடுதாசி இருந்தது. மெட்ராஸில் மூளைக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடுதாசி.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க."

"பொறுத்துப் பொறுத்துத்தான் அவன் ரோட்டுல கெடந்தான். பால்வண்டிக்குப் பதிலா லாரி வந்திருந்தா?"

"அங்க போனவுக யாரு திரும்பி வந்தாக? நம்ம சித்தப்பா மகன் போனாகளே, வந்தாகளா?"

சித்தப்பா மகன் போய்ப் பன்னிரண்டு வருஷம். முதல் வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. சாராள் எடுத்துவிட்டாள்.

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவன் வயிறாரச் சாப்பிட்டான்னா நாளைக்கு அனுப்ப மாட்டீகல்ல?"

"சாப்பிட்டுட்டு, இந்தப் பேய் நடை நடக்காம வீட்டோட கெடந்தான்னா நான் ஏன் அனுப்பப் போறேன்? எனக்கு மட்டும் ஆசையா சாராள்? நான் தூக்கி வளத்த பயல்லா அவன்." வேதப்புத்தகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கடுதாசியை உள்ளே தள்ளினார்.

"அப்ப நான் இன்னைக்குக் கோயிலுக்கு வரல. காமயகவுண்டன்பட்டிக்குப் போறேன்."

"எதுக்கு?"

"ஆமைக்குப் பச்சை எடுத்தார."

"கர்த்தருடைய நாள்ல பாசி பறிக்கவா? சபைச் செயலாளர் தங்கச்சி? உபதேசியார் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"காய்ச்சல்னு சொல்லுங்க."

"பொய்யும் சொல்லணுமா!" என்று முனகிக்கொண்டே ஞானசிகாமணி செருப்பை மாட்டினார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆமை இருக்கிற வீட்டைப் பற்றி ஏதாவது ஆரம்பித்தால், எங்களுக்கு அந்த மூடத்தனமெல்லாம் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிறவர்தான். ஆனால் கொல்லைப்புறம் போகும்போது தொட்டியை விட்டு நாலடி தள்ளிச் சுற்றித்தான் போவார். ஏழு வருஷமாக அப்படித்தான்.

எபநேசர் தொட்டிக்குப் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். அக்காளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். கால் நிற்கவில்லை.

"ஓடைக்குப் போகணும்க்கா. நேத்தும் போடல, முந்தாநாளும் போடல."

"இன்னைக்கு நான் போறேன்."

"ஒனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்."

"அவ என்ன பாத்துப் பறிப்பா எபி? ஞாபகம் வச்சுச் சொல்லு."

எபநேசர் தொட்டிப் பக்கம் தலையைத் திருப்பினான். "தெரியலக்கா. நான் கேட்டுக்கிடல. ஆறு வருஷம் ஒண்ணா இருந்தேன், ஒரு நாளு கேட்டுக்கிடல."

அதற்குமேல் அங்கே நின்றால் அழுதுவிடுவோம் என்று சாராள் வாளி தேடப் போனாள்.

அவள் மனசில் ஒரு திட்டம் இருந்தது. பறித்த இலை ஒரு நாள் தாங்கும். வேரோடும் சகதியோடும் கொண்டுவந்து தொட்டியிலேயே நட்டுவிட்டால்? அதுபாட்டுக்கு வளரும், ஆமைகள்பாட்டுக்குத் தின்னும். எபநேசர் வெறும் வயிற்றோடு ஐந்து மைல் நடக்க வேண்டியதில்லை. அந்த நடைதான் அவனைக் கொல்கிறது என்று சாராள் நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மண்ணெண்ணெய் டின் ஒன்று கிடந்தது. எத்தனை கழுவினாலும் வாடை போகாது என்று அதைத் தள்ளினாள். யூரியா சாக்கு ஒன்று கிடந்தது. அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் மனைவி ராஜமணி மதினியிடம் அரிசிச் சாக்கு ஒன்று வாங்கிக்கொண்டாள். கடையைத் திறந்து புது வாளி இரண்டு எடுத்துக்கொண்டாள். ஒரு ஆமை செத்த வீடு. இன்னொரு தப்புக்கு இடம் இல்லை.

கம்பம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சின்னமனூர் தாண்டியதும் ரோட்டோர வாய்க்கால் முழுக்க வள்ளைக்கீரை கொழுகொழுவென்று படர்ந்து கிடந்தது. இறங்கிவிடலாமா என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தாள். அடுத்த வயலில் ஒருவன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் டப்பாவைச் சுமந்து மருந்து அடித்துக்கொண்டிருந்தான். சாராள் வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காமயகவுண்டன்பட்டியில் கருத்தம்மாளுக்குத் திராட்சைத் தோட்டமும் அதை ஒட்டித் தென்னந்தோப்பும் உண்டு. அவள் மகள் தேனியில் தங்கிப் படித்தபோது சாராள்தான் வகுப்பு டீச்சர்.

"வாங்க டீச்சர்! ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போகாம இங்கன வந்து நிக்கிறீக? கையில வாளி வேற!"

சாராள் விஷயத்தைச் சொன்னாள். தம்பி, ஆமை, நாளைக்கு மெட்ராஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கருத்தம்மாள் சிரிக்கவில்லை. ஆமைக்கா என்று கேட்கவுமில்லை. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

திராட்சைப் பந்தலுக்கு நடுவில் ஒரு தொட்டி இருந்தது. அதன் மூலையில் வழிகிற தண்ணீரில் ஒரு பச்சை அடர்ந்திருந்தது. இவ்வளவு வளமான பச்சையைச் சாராள் வழியில் எங்கும் பார்க்கவில்லை. அப்பாடா என்று குனிந்துவிட்டாள்.

"ஐயோ டீச்சர், அதுல கை வைக்காதீக!" கருத்தம்மாள் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "துத்தம் கரைக்கிற தொட்டி. விளிம்பைப் பாருங்க."

விளிம்பில் மயில்துத்தம் நீலமாகக் காய்ந்து பிடித்திருந்தது. திராட்சை இலையில் அடிச்சாம்பல் நோய் விழாமல் இருக்க, துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிக்கிற தொட்டி அது. "எங்க மாடு தாகத்துல நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தாலும் இதுல வாய் வைக்காது. பச்சையா இருக்குன்னு பாக்காதீக. எந்தத் தண்ணியில நிக்குதுன்னு பாருங்க."

சாராள் வாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கருத்தம்மாள் கூட வராமல் இருந்திருந்தால் வாளி நிறைய விஷத்தை அள்ளிக்கொண்டு போயிருப்பாள், அதுவும் ஜெபம் பண்ணிவிட்டு.

தென்னந்தோப்பில் கிணற்றுத் தண்ணீர் வழிந்து நிற்கிற ஒரு குட்டை இருந்தது. பெரிசு ஒன்றும் இல்லை. நான்கு கட்டில் போடலாம்.

"இது நல்ல தண்ணியா? எப்படித் தெரிஞ்சுக்கிட?"

"நான் என்ன ஒங்களை மாதிரிப் படிச்சவளா? தலைப்பிரட்டை நீந்துதா பாருங்க. இலைக்கு அடியில நத்தை ஒட்டியிருக்கா பாருங்க. மருந்துத் தண்ணியில ரெண்டும் தங்காது."

சாராள் குனிந்து பார்த்தாள். தலைப்பிரட்டை கூட்டம் கூட்டமாக இருந்தது. அல்லி இலையைத் திருப்பினால் நத்தை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது, இதை ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கரையில் கம்பு கம்பாக நிமிர்ந்து நின்ற செடியில் ஊதாப் பூ பூத்திருந்தது. வள்ளைப் பூதான் என்று கையை நீட்டினாள்.

"அதையும் விட்ருங்க. பூவப் பாத்தா வள்ளை கணக்காத்தான் இருக்கும். அது நெய்வேலிக் காட்டாமணக்கு. ஆடு தின்னா கெறங்கிக் கெறங்கிச் செத்துரும். வள்ளை தண்ணி மேல படரும். தண்டை ஒடிச்சா உள்ள கூடா இருக்கும். அந்தா அங்கன கெடக்குது பாருங்க, அதான்."

சாராள் முழங்கால் சகதியில் இறங்கினாள். வள்ளையை வேரோடு எடுத்தாள். தண்ணீருக்குள் கொடி கொடியாக நிற்கிற வேலம்பாசியைச் சேற்றோடு அள்ளினாள். அல்லியைக் கிழங்கோடு தோண்டினாள். கொத்தமல்லி விதை அளவுக்கு இலை இலையாக மிதக்கிற பாசியை உள்ளங்கையில் ஏந்தி வாளியில் விட்டாள். அடிச்சகதி ஒரு சாக்கு. பத்து மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கோயிலில் செய்திருக்க வேண்டிய ஜெபத்தை அந்தச் சகதியில் நின்று செய்தாள். அவனைக் காப்பாற்றும் ஆண்டவரே, எங்களை விட்டு அனுப்பிவிடாதேயும்.

"இந்தப் பொடிப்பாசி ஒண்ணு போதும் டீச்சர்" என்றாள் கருத்தம்மாள். "நாலு நாளுல ரெண்டு மடங்காயிரும். வேணாம்னு அள்ளிப் போட்டாலும் போவாது."

திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, கீரையா சாக்கடையா?" என்றார். கடைசி சீட்டுக்குத் துரத்தினார். பள்ளத்தில் பஸ் குதித்தபோதெல்லாம் சகதித் தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமைச் சேலை. சாராள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று.

தொட்டியைக் கழுவி, ஒரு பக்கம் சகதியைப் பரப்பி, சரியாமல் இருக்கக் கல் வைத்தாள். வள்ளையையும் அல்லியையும் நட்டாள். பாசியை விட்டாள். எபநேசர் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி மோந்து பார்த்தான். எங்கே பறித்தாள், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பக்கத்தில் வயல் உண்டா என்று கேட்டான். சாராள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தலைப்பிரட்டை ஒன்று வாளியோடு வந்திருந்தது. அதை அவனுக்குக் காட்டினாள்.

அப்புறம் ஆமைகளை விட்டார்கள்.

அரை மணி நேரம் இரண்டும் அசையவில்லை. மதினி ராஜமணி அடுப்படியை விட்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஞானசிகாமணி கதவுக்குப் பின்னால் நின்றார், தொட்டிப் பக்கம் வரவில்லை.

சின்ன ஆமை தலையை நீட்டியது. வேலம்பாசியின் நுனியைக் கடித்தது. நிறுத்தியது. இன்னொரு கடி கடித்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. பெரிசு அல்லி இலைக்கு அடியில் புகுந்து வள்ளைத் தளிரை இழுத்தது.

"திங்குதுக்கா" என்றான் எபநேசர். "ஏக்கா, திங்குது பாரு."

"ஒனக்கும் போடட்டுமா?"

"போடு."

மொச்சைக் குழம்பும் சோறும் அவன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மதினிக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஞானசிகாமணி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எபநேசர் கேட்டான். "இது எத்தனை நாளைக்குக்கா காணும்?"

"எத்தனை நாளைக்கா?" சாராள் சிரித்தாள். பெருமை அவளுக்கு அடங்கவில்லை. "இது வளர்ற பச்சைலே. அதுக திங்கத் திங்க இது வளரும். ஒரு மாசத்துல தொட்டியே நெறஞ்சுரும்."

"அப்ப நான் பறிக்கப் போக வேண்டாமா?"

"ஒரு இலை பறிக்க வேண்டாம்."

"அடுத்த கோடையிலயும்?"

"எப்பவுமே வேண்டாம். நீ நிம்மதியா இரு."

எபநேசர் கடைசிக் கவளத்தை மென்று விழுங்கினான். "நல்லதுக்கா" என்றான். எழுந்து போய்க் கை கழுவினான். தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

"நாளைக்கு மெட்ராஸ் கெடையாது" என்றார் ஞானசிகாமணி. வேதப்புத்தகத்தை அலமாரியில் வைத்தார். "காய்ச்சல்னு உபதேசியார்ட்டச் சொல்லிட்டேன் சாராள். கர்த்தர் மன்னிப்பார்."

அன்று அந்த வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் சாராளுக்கு விழிப்பு வந்தது. வழக்கமாக, கால் தள்ளாடிய இந்த மூன்று நாளிலும்கூட, அந்த நேரத்துக்கு எபநேசர் சாக்கை உதறுகிற சத்தம் கேட்கும், கொல்லைக்கதவு திறக்கும். இன்று எதுவும் கேட்கவில்லை. நல்லது, அசந்து தூங்குகிறான் என்று சந்தோஷமாகப் புரண்டு படுத்தாள்.

நன்றாக வெளுத்த பிறகு காப்பியோடு போனாள். எபநேசர் மல்லாந்து படுத்திருந்தான். கண் திறந்திருந்தது.

"முழிச்சுட்டியா? காப்பி கொண்டாந்திருக்கேன். எந்திரி."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? விடிஞ்சுபோச்சுல்ல."

கூரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினான். கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

"இத்தனை நாளும் முழிப்பு வந்ததும் அதுகளுக்கு என்னத்தைப் போடன்னுதான் மொதல்ல நெனப்பேன். சாக்க எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துருவேன். பெறகுதான் அவ நெனப்பு வரும். அப்ப கால் நடந்துக்கிட்டே இருக்கும், அதனால தாங்கிக்கிருவேன். இன்னைக்கு முழிச்சதும் அவ நெனப்புத்தான் மொதல்ல வந்துச்சு. அதுகளுக்குத்தான் எல்லாம் ஆயிருச்சே. இப்ப எந்திரிச்சு நான் எங்கக்கா போக?"

சாராளுக்குக் காப்பித் தம்ளரைப் பிடித்திருந்த கை சுட்டது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நடை அவனைக் கொல்லவில்லை. நடந்ததால்தான் அவன் பத்து மாதம் இருந்தான். அதைத்தான் அவள் பாடுபட்டு, பஸ் ஏறி, சகதியில் இறங்கி, எந்தக் குறையும் இல்லாமல் பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

தம்ளரைக் கீழே வைத்தாள். கொல்லைக்கு ஓடினாள். தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு வள்ளையைப் பிடுங்கினாள். அல்லியைக் கிழங்கோடு இழுத்தாள். வேலம்பாசியைக் கொத்துக் கொத்தாக அள்ளித் தரையில் எறிந்தாள். பொடிப்பாசி விரலில் ஒட்டிக்கொண்டு வரவும் மாட்டேன் போகவும் மாட்டேன் என்றது. ஆமைகள் இரண்டும் பயந்து மூலையில் ஒடுங்கின. அவள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"எபி, நான்தான் தப்பாக் கொண்டாந்துட்டேன். எல்லாம் வாடிப்போச்சு. தொட்டியில ஒண்ணும் இல்ல. அதுக பட்டினியாக் கெடக்குது. எந்திரிடா, ஓடைக்குப் போயிட்டு வா. நானும் கூட வர்றேன்."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். முழங்கை வரைக்கும் சகதி.

"பிடுங்கினியாக்கா?"

பதினெட்டு வருஷம் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடித்தவளுக்குத் தன் பொய்யைச் சொல்லத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே அழுதாள்.

"அழாத" என்றான் எபநேசர். அவன்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னான். "வேரு கொஞ்சம் சகதியில இருக்கும். வளந்துரும்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பல் துலக்கிக்கொண்டு வந்த ஞானசிகாமணி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கையைக் காட்டி அவளை வெளியே கூப்பிட்டார்.

"எழுப்பாத, எழுப்பாத! இந்நேரத்துக்கு அவன் சாக்கைத் தேடாம கெடந்து பத்து மாசமாச்சு. தூங்கட்டும்."

"அண்ணே, அவன் தூங்கல."

"எல்லாம் அசதி. ஒடம்பு கேக்குதுல்ல? ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சான்னா பழைய ஆளாயிருவான் பாரு." சொல்லிக்கொண்டே கொல்லைக்கு நடந்தவர் தொட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றார். "அடப்பாவி! யாரு பார்த்த வேலை இது? பூனையா?"

சாராள் சகதிக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஞானசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டினார். அந்தத் தொட்டியை ஏழு வருஷம் சுற்றிப் போனவர் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தரையில் கிடந்த வள்ளையை எடுத்து, மண் உதிராமல் சகதியில் ஊன்றினார். அல்லிக் கிழங்கை வைத்து மேலே கல்லை நகர்த்தினார். பாசியை ஒரு கொத்து விடாமல் பொறுக்கித் தண்ணீரில் விட்டார். பெரிய ஆமை அவர் விரலுக்குப் பக்கத்தில் வந்தபோது கையை எடுக்கவில்லை.

"பயப்படாத சாராள். நல்லா வேரு இருக்கு. ஒண்ணு கூடச் சாகல" என்றார். "அந்தக் கடுதாசிய மட்டும் இன்னைக்கே ஐயர்கிட்டத் திருப்பிக் குடுத்துரணும். அது வீட்டுல இருந்தாலே எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு."

சாராள் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். காப்பித் தம்ளர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிய முதுகு அசையவில்லை. சித்தப்பா மகன் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷம் ஞாபகம் வந்தது. ஆனாலும் அந்த முதுகை இப்படியே விட்டுவைக்க அவளுக்குத் துணிவில்லை. கையில் காய்ந்துபோன சகதியைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே" என்றாள். "அதத் திருப்பிக் குடுக்க வேணாம். இன்னைக்குச் சாயங்காலம் பஸ் எத்தனை மணிக்கு?"